மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது?

உங்கள் கையில் கொடுத்திருக்கும் தள ஆய்வுப் படிவத்தில் பதினோராவது கேள்வியைப் படித்துவிட்டு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிப்பதில் தப்பில்லை. ‘நிலத்தின் சாய்வு’, ‘தென்திசைத் தடைகள்’, ‘மின் இணைப்பின் தொலைவு’ என்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வரும் கேள்விகளுக்கு நடுவே லுங்கி கட்டிய ஒருவர் வந்து நின்றதுபோல அது நிற்கிறது: ‘மழைக்காலத்தில் இந்த வீட்டில் துணி எங்கே காய்கிறது?’

அதை எழுதியவன் நான். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிவிட்டது. கம்பெனியில் என் நினைவாக மிச்சம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். நான் உட்கார்ந்த நாற்காலியைக்கூட மாற்றிவிட்டார்களாம். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். இரண்டு வார்த்தையில் அடங்குகிற முட்டாள்தனமாக நான் எதையும் செய்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளும்.

நம் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் விளங்க வேண்டும் அல்லவா. சிறு தொழில் செய்கிறவர்களுக்குச் சூரிய உலர்த்தி விற்பதும், அதை அமைத்துக் கொடுப்பதும் நம் வேலை. கண்ணாடிபோல வெளிச்சம் விடும் கூரை, உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், காற்றை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி. மீனோ மிளகோ உள்ளே வைத்தால் தூசியும் ஈயும் இல்லாமல் காயும். கம்பெனிக்கு அது ‘சூரிய உலர்த்தி’. ஊர்க்காரர்களுக்கு அது ‘வெயில் பெட்டி’. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் சுசீந்திரத்துக்காரன். வீட்டை விட்டு இறங்கினால் வயல். வயலில் வெயிலைத் தடுக்க ஒன்றும் கிடையாது. ஆகவே வெயில் என்பது எல்லா இடத்திலும் தாராளமாகக் கிடக்கிற பொருள் என்ற நினைப்பிலேயே வளர்ந்தவன். வேலையில் எனக்கு முதலில் கிடைத்ததும் கடற்கரைப் பகுதிதான். கடியப்பட்டணத்தில் நெத்திலி காயவைக்கும் பெண்களிடம் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியபோது ஒரு அம்மா பக்கத்தில் நின்றவளிடம், “பாத்தியாட்டி, வெயிலுக்கு வீடு கெட்டிக் குடுக்க வந்திருக்காவ” என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே அம்மா இன்னொரு பெட்டி வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அன்றைக்கு என் தலையில் ஏறிய கனம் இறங்க இரண்டு வருடம் ஆனது. அதை இறக்கி வைத்தது ரப்பர் இலை.

குலசேகரத்திலிருந்து உள்ளே போகிற சாலையில் ரோஸ்பாய் என்று ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும். ஜாதிபத்திரி வியாபாரம். ஜாதிக்காயை உடைத்தால் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பின்னல் இருக்கும் அல்லவா, அதுதான் பத்திரி. பிரியாணியில் போடுவது. அக்கம்பக்கத்தில் எட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு மரங்களில் விழும் ஜாதிக்காயை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் பத்திரியை அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் புகையில் காயவைத்து விற்றுக்கொண்டிருந்தார். புகையில் காய்ந்தால் கறுத்துப்போகும், புகை நாறும். சிவப்பு மாறாமல் காய்ந்த பத்திரி தந்தால் நேரடியாக எடுத்துக்கொள்கிறேன் என்று நாகர்கோவிலில் ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். அதனால்தான் ரோஸ்பாய் வெயில் பெட்டி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார்.

நான் இடம் பார்க்கப் போனது ஜனவரியில். அவர் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் இறக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் தென்பக்கம் நல்ல சமமான இடம். மூன்று பக்கமும் ரப்பர் தோட்டம். ஆனால் வானம் முழுக்கத் திறந்து கிடந்தது, வெயில் தரையைச் சுட்டது. ரோஸ்பாய் அந்த இடத்தில்தான் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார். நான் கைபேசியில் சூரியப் பாதை காட்டும் செயலியைத் திறந்தேன். அப்போது அது புதுசு. வருடம் முழுக்கச் சூரியன் எந்த மாதம் எந்த வழியாகப் போகும் என்று கோடு போட்டுக் காட்டும். ஜூன் மாதத்தில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும் என்பதைக்கூட அது காட்டியது. அதையும் கணக்கில் எடுத்தேன். எடுத்ததை ரோஸ்பாயிடம் விளக்கமும் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், பேருந்தில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்திருப்பது வேறு, படிவம் நிரப்பும்போது அது ஞாபகத்துக்கு வருவது வேறு. செருப்புக்கடியில் சருகு நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ‘நிழல்: இல்லை’ என்று எழுதினேன்.

அப்போது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு பெண், சிரட்டையில் ஒட்டிக் காய்ந்திருந்த பாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் நான் கைபேசியை வானத்துக்குக் காட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சாரு மழைக்காலத்துல ஒருக்கா வரணும் கேட்டியளா” என்றார்.

“வாறேன், வாறேன். சக்கப்பழம் எடுத்து வையுங்க” என்றேன். பலாப்பழத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

அவர் சிரித்தார். என் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் பெட்டி எழுந்தது. முதலில் மிளகு போட்டார்கள். மூன்றே நாளில் கலகலவென்று காய்ந்தது. ரோஸ்பாய் தட்டைக் கையில் பிடித்து நிற்கிற படம் கம்பெனியின் விளம்பரத் தாளில் வந்தது. பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்பது நான். அந்த உற்சாகத்தில் ஒரு காரியம் செய்தேன். “இனி என்னத்துக்குப் புகைப்பரண்? அந்தப் புகை மணம் இதுல ஒட்டும். பிரிச்சுப் போடுங்க” என்று ரோஸ்பாயிடம் சொன்னேன். அவர் யோசித்தார். நான் மறுபடியும் சொன்னேன். பிரித்துப் போட்டார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தப்பான இடத்தில் வைத்தது என் முதல் தப்பு. அது தப்பாகிப் போனால் திரும்பிப் போக அவருக்கு இருந்த வழியையும் அடைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

ஜாதிக்காய் பழுத்து விழுவது மழைக்காலத்தில். ஜூன் கடைசியில் ரோஸ்பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். “சாரே, பத்திரி வெள்ளை வெள்ளையாப் பூத்துப்போச்சு. ஒருக்கா வந்து பாக்கணும்” என்றார். பூஞ்சணம் பிடித்ததைத்தான் அப்படிச் சொன்னார், குரலில் கோபம் இல்லை. அது எனக்குக் கோபத்தைவிடக் கலக்கமாக இருந்தது.

மேலாளரிடம் சொன்னேன். அவர் நிமிராமலே, “புகார்ப் படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல மழைன்னு எழுதிடும். மழைக்கு யாரும் மறுப்பு எழுத மாட்டான்” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பேருந்தில் நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் போகிறவரை மழையைப் பற்றி ஒரு சொற்பொழிவே தயார் செய்துகொண்டு போனேன். இந்த வருடம் பருவமழை வழக்கத்தைவிட அதிகம், காற்றில் ஈரப்பதம் கூடுதல், இயற்கைக்கு முன்னால் மனிதன் யார், இப்படியெல்லாம்.

போய் இறங்கினால் மழை விட்டிருந்தது. பத்து மணிக்குச் சாலையில் சுள்ளென்று வெயில். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடந்தேன். சாலையிலிருந்து ரோஸ்பாய் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பத்து அடி வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். அப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜனவரியில் வானம் இருந்த இடத்தில் இப்போது இலை இருந்தது. இலைக்கு மேல் இலை, அதற்கு மேல் இன்னொரு மரத்தின் இலை. வெயில் பெட்டியின் கூரைமேல் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஏழெட்டு வெளிச்சப் பொட்டுகள் மட்டும் விழுந்திருந்தன. காற்றடித்தால் அவையும் இடம் மாறின. நான் நின்று பார்த்த நேரத்தில் ஒரு பொட்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஊர்ந்து போய்க் காணாமல் போனது. ஒரு தட்டுப் பத்திரியைக் காயவைக்க வேண்டுமானால் அதன் பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

செயலியைக் குற்றம் சொல்ல முடியாது. ஜூன் மாதம் சூரியன் எங்கே நிற்கும் என்று அதற்குச் சரியாகத் தெரிந்திருந்தது. ரப்பர் இலை ஜனவரியில் எங்கே போயிருந்தது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பால் வாளியோடு அந்தப் பெண் எதிரே வந்தார். “சாரு வந்தாச்சா? நான் அன்னைக்கே சொன்னேன்லா, மழைக்காலத்துல ஒருக்கா வரணும்னு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “சக்கப்பழம் இப்பம் தண்ணி கேறிப்போச்சு, சாரே. ருசி இருக்காது” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

ரோஸ்பாய் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பூத்த பத்திரியையும் பூக்காததையும் பிரித்துக்கொண்டிருந்தார். பூத்த குவியல் பெரிது. நான் தயார் செய்து வைத்திருந்ததைத் தொடங்கினேன். “இந்த வருசம் மழை கொஞ்சம்...”

“உள்ளதுதான் சாரே. நல்ல மழை” என்றார் அவர். “ஆனா மூணு நாளா பத்து மணிக்கு மேல வெயிலு அடிக்கத்தான் செய்யுது. ரோட்டுல கெடக்க நாயி உணங்கிட்டு. பெட்டியில கெடக்க பத்திரி உணங்கல்ல.”

அந்தப் பக்கத்தில் காய்வதற்கு உணங்குவது என்றுதான் சொல்வார்கள். நான் சாலையைத் திரும்பிப் பார்த்தேன். நாய் உண்மையாகவே கலகலவென்று காய்ந்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. என் சொற்பொழிவு அதோடு முடிந்தது.

முடிந்த பிறகாவது தப்பை ஒத்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை. படித்தவனுக்குத் தப்பிக்க நூறு வழி தோன்றும். “இந்தத் தென்பக்க மரங்க யாருக்குள்ளது?” என்று கேட்டேன். பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணாச்சிக்கு உள்ளது என்றார். நேரே அங்கே போனேன். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நெற்றியில் ஐயாவழிக்காரர்களின் வெள்ளை நாமம். வீட்டின் மாடியில் இன்னொரு மாடி கட்டுவதற்காகக் கம்பிகளை நீட்டிவிட்டு, கட்டாமலேயே வருடக்கணக்காக விட்டிருந்தார். அவரிடம் சூரிய சக்தியின் எதிர்காலம், சிறுதொழில் முன்னேற்றம், நாட்டின் நலன் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, அதற்காக எட்டு மரங்களை வெட்ட முடியுமா என்று கேட்டேன். எட்டும் பால் தந்துகொண்டிருக்கும் மரங்கள்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “சாரே, இந்த மரம் பதினாறு வருசமா இங்கதான் நிக்குது. உங்க பெட்டி வந்தது போன பொங்கலுக்கு. ரெண்டுல எது மாறணும்னு நீங்களே சொல்லும்” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “பிள்ளே, சாருக்குக் கொஞ்சம் மோரு எடு. வெயிலு தலைக்கு ஏறிட்டு போல இருக்கு” என்றார்.

வெயிலே இல்லாத இடத்திலிருந்து வந்தவனுக்கு மோர். குடித்தேன். நன்றாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது ரோஸ்பாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். “மரம் வெட்டச் சொன்னியளாக்கும்” என்றார். அவர் குரலைத் தாழ்த்தினார். “சாரே, பன்னெண்டு மணிக்கு எட்டு பேரும் வருவாவ. நான் பச்சைத் தண்ணியில கழுவி அப்படியே போட்டுட்டேன்னு ரெண்டு பேரு சொல்லுதாவ. ஒருத்தி, நல்லதை நான் தனியா வித்துட்டுப் பூத்ததைக் காட்டுதேன்னு சொல்லுதா. பத்து வருசமா எனக்க கையில எண்ணாம கொட்டிட்டுப் போனவிய. இப்பம் எண்ணிட்டுத் தாறாவ.”

அவருக்குப் போனது பத்திரி இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எட்டுப் பெண்களும் அவரை நம்பித்தான் அத்தனை வருடம் ஜாதிக்காயைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த நல்ல பெயர்தான் என் பெட்டிக்குள் கிடந்து பூத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

“தப்பு மழைக்கு இல்ல. உங்களுக்கும் இல்ல. எனக்குத்தான்” என்றேன்.

“எழுதித் தருவியளா?” என்றார்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். வாயால் சொல்வதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் நடுவே என் வேலை இருந்தது. மேலாளர் சொன்ன ‘மழை’ இருந்தது. மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, மறுபடி கழற்றினேன். ரோஸ்பாய் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கம்பெனிப் படிவத்திலேயே, காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: ‘ரப்பர் இலை உதிர்ந்திருந்த மாதத்தில் வந்து இடம் பார்த்தேன். இலை திரும்ப வரும் என்று யோசிக்கவில்லை. பழைய பரணைப் பிரிக்கச் சொன்னதும் நான்தான். உபயோகித்தவர்மேல் ஒரு தப்பும் இல்லை.’ கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். “எனக்க வாயால வேண்டாம் சாரே. அவிய வரட்டும். நீங்களே வாசியுங்க.”

வாசித்தேன். எட்டுப் பெண்கள் முன்னால், நின்றுகொண்டு, நாலே வரி. வாசித்து முடித்ததும் ஒரு அம்மா, “அப்பம் எட்டு வீட்டுப் பத்திரியும் பூத்த பொறவுதான் சாருக்கு இலை கண்ணுல பட்டுச்சா?” என்று கேட்டார். இன்னொருவர், “அந்த போனுல இலை தெரியாதாக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்லதைத் தனியாக விற்றதாகச் சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ரோஸ்பாயின் பக்கத்தில் போய்ச் சாக்கில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து பத்திரியைப் பிரிக்கத் தொடங்கினாள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

ஒரு பிரச்சினை தீர்ந்தது. பெட்டி இன்னும் இருட்டில்தான் இருந்தது. மரத்தடியில் அடுத்த ஜாதிக்காய் விழுந்துகொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் தலை குனிந்து நின்றபோதுதான், வாசலில் ரோஸ்பாயின் மகள் நின்றதைப் பார்த்தேன். அன்று பள்ளிக்கூடம் அரை நாள். சீருடை மொறுமொறுவென்று, இப்போதுதான் வெயிலில் கிடந்து எடுத்ததுபோல இருந்தது. சுற்றிப் பார்த்தேன். எட்டுப் பெண்களின் சேலையும் அப்படியே, ஒருத்தி சேலையிலும் மழைக்கால வாடை இல்லை. ஜனவரியில் பெட்டிக்குப் பக்கத்தில் துணி காய்ந்த அந்தக் கயிறு இப்போது பாசி பிடித்து வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

“இந்த மழையில துணியெல்லாம் எங்க காயப்போடுதிய?” என்று கேட்டேன்.

எட்டுப் பேரும் ஒன்றாகக் கையை நீட்டினார்கள், செல்லத்துரை அண்ணாச்சியின் மாடிப்பக்கம்.

அந்தப் பகுதியில் அது வழக்கமாம். வீடு கட்டும்போது சுற்றி நின்ற மரங்களை எடுத்திருந்ததால் அந்த மாடிக்கு மட்டும் வானம் உண்டு. மழை தொடங்கியதும் அண்ணாச்சி வெளிப்படிக்கட்டின் கதவைத் திறந்து வைத்துவிடுவார். ஐப்பசிவரை மூட மாட்டார். கட்டாமல் விட்ட மாடியின் கம்பிகளில் வீட்டுக்கு ஒரு கயிறு. ஒருவர் கயிற்றில் இன்னொருவர் துணி போடக் கூடாது. மழை தூறினால் மேலே நிற்கிறவர் எல்லார் துணியையும் எடுத்து உள்ளே போட வேண்டும். அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் வரப்புத் தகராறில் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் மழை வந்தால் ஒருவர் துணியை மற்றவர் எடுத்து மடித்து வைப்பாராம். பேசாமல்தான்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மணி ஒன்று. அத்தனை கயிற்றிலும் போர்வை, சேலை, சீருடை. தரை காலைச் சுட்டது. ஆறு மாதமாக இந்த மாவட்டத்தில் யாரும் எனக்குக் காட்டாத வெயில் இங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே நாளில் இரண்டாம் தடவையாகச் செல்லத்துரை அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றேன். காலையில் நாட்டின் நலனைப் பற்றிப் பேசிய நான் இப்போது செருப்பைக் கழற்றி வாசலிலேயே வைத்தேன். அவரே தொடங்கினார். “எட்டு மரமும் வெட்டாண்டாமா சாரே?”

“வேண்டாம் அண்ணாச்சி. மாடியில ஒரு ஓரம் போதும்.”

“பெட்டி வந்தா கயிறு அவிழுமா?”

“ஒரு கயிறும் அவிழாது.”

“பத்திரி மணம் துணியில ஏறும்லா?”

“ஏறும்” என்றேன். அன்றைக்கு இனி பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். “ஏறட்டு. ஒரு காரியம். தூக்க ஆளு கூப்பிடாதேயும். நீரும் ஒரு பக்கம் பிடியும்.”

பிடித்தேன். கூரைத் தகடு, சட்டம், தட்டு, விசிறி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, சேற்றில் வழுக்கி, குறுகலான படிக்கட்டில் ஏற்றினோம். பால் வெட்டும் அந்தப் பெண் ஒரு முனை, நான் ஒரு முனை. ‘பைய, சாரே, பைய’ என்று அவர் சொல்லாத படி ஒன்றுகூட இல்லை. சாயங்காலத்துக்குள் பெட்டி சேலைகளுக்கு நடுவே நின்றது. மறுநாள் வைத்த பத்திரி நாலாம் நாள் சிவப்பு மாறாமல் வெளியே வந்தது. வியாபாரி கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்துவிட்டு, சரி என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பூத்ததெல்லாம் பூத்ததுதான். எட்டுப் பேரில் இருவர் அந்த வருடத்தோடு நின்றுவிட்டார்கள். வீணான பத்திரியை அண்ணாச்சியின் ரப்பர் மரத்தடியில் கொட்டி மூடினோம். நான் வெட்டச் சொன்ன மரங்களுக்கு என் தப்பு உரமாகப் போயிற்று.

அலுவலகத்தில் எனக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்தது. பதிலும் எழுதினேன். வேலை போகவில்லை. விளம்பரத் தாளிலிருந்து என் பல் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது பெட்டியின் கடைசித் தட்டில் பள்ளிச் சீருடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுகாதாரம், தரம் என்று நான் குதித்தேன். ரோஸ்பாய் அசரவில்லை. பத்திரி எடுத்தபின் காலியான தட்டில் மட்டும், துவைத்த துணி மட்டும், சாக்ஸ் கட்டாயம் கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தார். மாடியில் கயிறு கட்டிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் மழைக்காலம் முழுக்கப் பிரியாணி மணத்தோடு பள்ளிக்கூடம் போனார்கள். பெட்டி அந்த ஊரில் நிலைத்தது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். நாம் எதற்கு ஒரு பொருளைக் கொடுக்கிறோமோ அதற்கு மட்டும் அவர்கள் பயன்படுத்துகிற வரை அது நம்முடையது. நாம் நினைக்காத ஒன்றுக்குப் பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் அவர்களுடையதாகிறது.

அதன்பிறகுதான் பதினோராவது கேள்வியைச் சேர்க்கச் சொன்னேன். நாம் இப்போது சலவை இயந்திரமும் விற்கிறோமா என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை, கேள்வி மட்டும் படிவத்தில் வந்துவிட்டது.

இப்போது நான் ஏன் இத்தனையும் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். மேலாளர் கேட்டது ஒரு காரணம். ஆனால் அவர் கேட்டு இரண்டு மாதம் நான் ஒரு வரியும் எழுதவில்லை. போன வாரம் ரோஸ்பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். இப்போதும் நல்ல நாள் பொல்லாத நாளுக்குக் கூப்பிடுவார்.

“சாரே, எனக்க தங்கச்சி வீட்டுல பெட்டி வைக்க உங்க ஆபீசுல இருந்து ஒருத்தர் வந்தாரு. நல்ல பிள்ளை. ஒரு பறக்குற மிஷின விட்டு மேல இருந்து படமெல்லாம் எடுத்தாரு. நிழலே இல்லன்னு எழுதிட்டாரு. துணி எங்க உணங்கும்னு ஒரு கேள்வி இருந்துச்சு, அதுல ‘பொருந்தாது’ன்னு எழுதினாரு.”

ஜனவரி. ரப்பர் எல்லாம் இலை உதிர்த்து நிற்கிற நேரம். “நீங்க ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. மழைக்காலத்துல ஒருக்கா வரணும் கேட்டியளான்னு சொன்னேன்.”

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

மறுமுனையில் ரோஸ்பாய் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“சக்கப்பழம் உண்டுமான்னு கேட்டாரு.”

அது உங்களில் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாம். பெட்டி இன்னும் இறங்கவில்லை. அந்த வீட்டில் புகைப்பரண் இன்னும் இருக்கிறது. நாளைக் காலை முதல் பேருந்தில் போய் அந்தப் பதினோராவது கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு வாருங்கள்.